பாதி விலை சொல்லியும் தோற்ற ஹெலிகாப்டர்

பிளாக் ஹாக் ஹெலிகாப்டருக்கு அடுத்து எதை வாங்குவது என்ற டெண்டரின் முடிவை அமெரிக்கத் தரைப்படை 2022 டிசம்பர் 5 அன்று அறிவித்தது. களத்தில் இருந்தது இரண்டே தரப்பு. ஒன்று பெல் நிறுவனம், இன்னொன்று சிகோர்ஸ்கியும் போயிங்கும் சேர்ந்த கூட்டணி. பெல் ஜெயித்தது. சிகோர்ஸ்கி விடவில்லை. அரசு ஒப்பந்தங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஜி.ஏ.ஓ. என்ற அமைப்பிடம் போனது. 2023 ஏப்ரலில் புகார் தள்ளுபடியானது. அந்தத் தீர்ப்பு பொதுவில் வந்தபோதுதான் இரண்டு பேரும் என்ன விலை சொல்லியிருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பெல்லின் மதிப்பிடப்பட்ட மொத்த விலை ஏறத்தாழ 809 கோடி டாலர். சிகோர்ஸ்கியுடையது ஏறத்தாழ 445 கோடி டாலர்.

நம்மூர் டெண்டர்களில் எல்-1 என்பார்கள். தகுதி பெற்றவர்களில் யார் குறைந்த விலை சொன்னாரோ அவருக்கே வேலை. அந்தக் கண்ணோடு பார்த்தால் இது தலை சுற்ற வைக்கும் முடிவு. கிட்டத்தட்ட பாதி விலைக்குத் தருகிறேன் என்றவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். காரணம் என்னவென்று தீர்ப்பைப் பார்த்தால், பரபரப்பாக எதுவும் இல்லை. ஹெலிகாப்டரின் எந்த வேலையை எந்த உள்ளமைப்பு செய்யும் என்ற விவரத்தைச் சிகோர்ஸ்கி போதிய அளவு எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு துணைப்பிரிவில் 'ஏற்கத்தக்கதல்ல' என்று மதிப்பெண் விழுந்தது. அது விழுந்தால் ஆட்டத்திலிருந்தே வெளியே, விலை கணக்கிலேயே வராது. சட்டப்படி விஷயம் அவ்வளவுதான்.

என் பார்வையில் இந்தப் போட்டி 2022-இல் நடந்ததே அல்ல. அதற்கு அறுபது வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அன்றைக்கு மேசையில் இருந்த யோசனைகளேதான் இன்றைக்கும் மோதின. நடுவில் மாறிக்கொண்டே இருந்தது ஒன்றுதான்: வாங்குபவர் கேட்ட கேள்வி.

ஹெலிகாப்டர் ஏன் விமானத்தைப் போல வேகமாகப் போக முடியாது என்பதை முதலில் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. ஒரு ஹெலிகாப்டரின் பிளேடு நுனி மணிக்குச் சுமார் 790 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போது எல்லாப் பக்கமும் அதே வேகம், சிக்கல் இல்லை. இப்போது ஹெலிகாப்டர் மணிக்கு 300 கிலோமீட்டரில் முன்னே போகத் தொடங்குகிறது. ஒரு பக்கம் முன்னோக்கி வரும் பிளேடின் நுனி காற்றை 1,090 கிலோமீட்டர் வேகத்தில் சந்திக்கும். மறுபக்கம் பின்னோக்கிப் போகும் பிளேடுக்குக் கிடைப்பது 490 மட்டுமே. நுனிக்கே இந்தக் கதி. மையத்துக்கு அருகே பிளேடு சுற்றும் வேகத்தைவிட ஹெலிகாப்டர் போகும் வேகம் அதிகமாகிவிடுவதால், அங்கே காற்று பின்விளிம்பிலிருந்து முன்விளிம்புக்கு, அதாவது தப்பான பக்கத்திலிருந்து அடிக்கும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு தூக்காவிட்டால் ஹெலிகாப்டர் உருண்டுவிடும். அதனால் பின்னோக்கிப் போகும் பிளேடின் கோணத்தைக் கூட்டித்தான் சமாளிக்கிறார்கள். கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காற்றோட்டம் பிளேடின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, தூக்குவிசை அறுந்துவிடும். அதே நேரம் எதிர்ப்பக்க நுனி ஒலியின் வேகத்தை, அதாவது மணிக்குச் சுமார் 1,225 கிலோமீட்டரை, நெருங்கிக்கொண்டிருக்கும். அங்கே இழுவையும் அதிர்வும் எகிறும். ஒரு பக்கம் வேகம் போதவில்லை, மறுபக்கம் வேகம் மிஞ்சிவிட்டது. 1986-இல் பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் லிங்க்ஸ், நுனிக்கென்றே தனி வடிவம் கொடுத்த பிளேடுகளை மாட்டிக்கொண்டு மணிக்கு 400.87 கிலோமீட்டரைத் தொட்டது. வழக்கமான வடிவ ஹெலிகாப்டர்களில் அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. கணினியும் கார்பன் நாரும் எவ்வளவோ வளர்ந்த பிறகும் யாரும் தாண்டவில்லை என்றால் அந்தச் சுவர் எவ்வளவு கெட்டி என்று புரியும்.

சுவரைத் தாண்ட வழிகள் உண்டு. ஒரு சிறிய இறக்கையை வைத்து ரோட்டரின், அதாவது சுற்றும் பிளேடுத் தொகுதியின், சுமையைக் குறைத்து, முன்னே தள்ளும் வேலையைத் தனி புரொப்பல்லரிடம் கொடுத்துவிடலாம். ஒரே அச்சில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ரோட்டர்களை வைத்தால், எந்தப் பக்கமும் ஒரு முன்னோக்கி வரும் பிளேடு இருக்கும், பின்னோக்கிப் போவது தூக்காவிட்டாலும் கவலையில்லை. அல்லது மேலே ஏறியதும் ரோட்டரையே முன்பக்கம் சாய்த்து, ஹெலிகாப்டராகக் கிளம்பி விமானமாகப் போய்விடலாம். மூன்றுக்கும் அமெரிக்காவில் முறையே லாக்ஹீட், சிகோர்ஸ்கி, பெல் என்று பெயர் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் எளிமைப்படுத்திச் சொல்கிறேன், ஆனால் பெரிய தப்பில்லை.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பாத்திரம் லாக்ஹீட் செய்த ஏ.எச்-56 செயென். புகைப்படத்தைப் பார்த்தால் 1967-இல் பறந்த யந்திரம் என்று நம்புவது கஷ்டம். வியட்நாமில் படையினரை இறக்கும் ஹெலிகாப்டர்களுக்குத் துணையாகப் பறந்து சுட, ஆயுதம் தாங்கிய வேகமான ஒன்று வேண்டும் என்று தரைப்படை 1964-இல் கேட்டது. கடைசிச் சுற்றில் நின்றவை லாக்ஹீடும் சிகோர்ஸ்கியும். சிகோர்ஸ்கி காட்டிய எஸ்-66 வடிவத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. வாலில் உள்ள சிறு ரோட்டர் மெதுவாகப் பறக்கும்போது வழக்கம்போல் பக்கவாட்டில் நின்று உடல் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும். வேகம் எடுத்ததும் 90 டிகிரி திரும்பி, பின்னாலிருந்து தள்ளும் புரொப்பல்லராக மாறிவிடும். லாக்ஹீட் அந்த வித்தைக்கெல்லாம் போகவில்லை. வாலில் ஒரு ரோட்டர் தனி, தள்ளும் புரொப்பல்லர் தனி என்று இரண்டையும் வைத்தது. 1965 நவம்பரில் லாக்ஹீடைத் தேர்ந்தெடுத்தார்கள். லாக்ஹீட் அதுவரை படைக்கு மொத்தமாக ஹெலிகாப்டர் செய்து கொடுத்த நிறுவனமே அல்ல.

ஆனால் சோதனை செய்து பார்த்திருந்தது. அன்றைய ஹெலிகாப்டர்களில் பிளேடின் அடியில் கீல்கள் இருக்கும், பிளேடு மேலும் கீழும் அசைந்து கொடுப்பதற்காக. லாக்ஹீடின் பொறியாளர்கள் கீலே இல்லாமல் பிளேடை நடுத்தண்டோடு இறுக்கமாகப் பொருத்தினார்கள். அதன் மேலே ஒரு சுழலும் ஜைரோவை வைத்தார்கள். விமானி கைப்பிடியை அசைத்தால் அது முதலில் ஜைரோவைச் சாய்க்கும், ஜைரோ பிளேடுகளைச் சாய்க்கும். வேகமாகச் சுற்றும் பம்பரம் சட்டென்று சாயாது இல்லையா, அந்தப் பிடிவாதத்தைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். இந்த ரோட்டரை வைத்துச் செய்த எக்ஸ்.எச்-51ஏ என்ற சோதனை யந்திரத்தின் பக்கத்தில் ஒரு ஜெட் இன்ஜினையும் கட்டிவிட்டு, 1967-இல் மணிக்கு 487 கிலோமீட்டர் பறந்து காட்டினார்கள்.

கீல் இல்லாத ரோட்டர் இந்தியாவுக்கு அந்நியம் அல்ல. 1980களில் ஹெச்.ஏ.எல். நிறுவனம் துருவ் ஹெலிகாப்டரை வடிவமைக்கத் தொடங்கியபோது ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனம் கைகொடுத்தது. கீல் இல்லாத ரோட்டரில் அவர்களும் 1960களிலேயே இறங்கியவர்கள், வழிமுறை மட்டும் வேறு. கோவைக்கு அருகே சூலூரில் இருக்கும் சாரங் சாகசக் குழு துருவை அவ்வளவு சட்டென்று ஒடித்துத் திருப்புவதற்குப் பின்னால் இந்த ரோட்டர்தான் இருக்கிறது. கைப்பிடியை அசைத்த கணமே உடல் கேட்கிறது, கீல் நடுவில் நின்று தாமதப்படுத்துவதில்லை.

செயென் 1967 செப்டம்பர் 21 அன்று முதலில் பறந்தது. பின்னால் தள்ளும் புரொப்பல்லரின் கோணத்தை விமானியின் இடதுகைப் பிடியில் உள்ள ஒரு திருகால் மாற்றலாம். எதிர்த்திசையிலும் மாற்றலாம் என்பதால், மூக்கைத் தூக்காமலேயே பிரேக் போடலாம், செங்குத்தாக இறங்கும்போது வேகம் கூடாமல் பிடித்து வைக்கலாம். முன்னால் உட்காரும் சுடுநரின் இருக்கையே பார்வைக் கருவியோடு சேர்ந்து முழு வட்டம் சுற்றும். வேகமாகப் போகும்போது தூக்கும் வேலையில் பெரும்பங்கை இறக்கை எடுத்துக்கொள்ளும். மட்டமாகப் பறக்கையில் மணிக்கு 390 கிலோமீட்டருக்கு மேல் போனது. இன்றைக்குப் படைகளில் இருக்கும் தாக்குதல் ஹெலிகாப்டரான அப்பாச்சியால் அதைத் தொட முடியாது.

அப்புறம்தான் கோளாறு வெளியே வந்தது. ரோட்டர் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒருமுறை என்ற கணக்கில், உடல் முழுவதும் மேலும் கீழும் குதிக்கும் ஓர் அதிர்வு. பிளேடின் ஆட்டம் ஜைரோவுக்குப் போய், ஜைரோ மறுபடி பிளேடை ஆட்டி, ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கும் வகை. 1969 மார்ச் 12 அன்று கலிபோர்னியக் கடற்கரையோரம் பறந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது முன்மாதிரியின் ரோட்டர் அதன் உடலையே வெட்டியது. விமானி இறந்தார். அந்த அதிர்வைத் தூண்டிப் பார்த்து எல்லையைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. 375 செயென்கள் வாங்குவதாக 1968-இல் போட்ட ஒப்பந்தத்தை 1969 மே மாதம் தரைப்படை ரத்து செய்தது. செப்டம்பரில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் உள்ள ராட்சதக் காற்றுச்சுரங்கத்தில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்த இன்னொரு முன்மாதிரியும் அதே மாதிரி அதிர்ந்து நொறுங்கியது.

இதைப் படித்துவிட்டு, தொழில்நுட்பம் தோற்றதால்தான் செயென் செத்தது என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. அதிர்வின் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், பிளேடின் ஆட்டம் ஜைரோவை எட்டாதபடி கட்டுப்பாட்டு அமைப்பையே மாற்றினார்கள், மாற்றியது பறந்தது. ஆனால் அதற்குள் 1972 ஆகிவிட்டது. வியட்நாமில் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகள் வந்துவிட்டன. அவற்றின் முன்னால் உயரத்தில் வேகமாகப் பறப்பதில் லாபமில்லை, மரத்தின் மறைவிலும் மேட்டின் மறைவிலும் ஒதுங்கி ஊர்ந்து போவதே பிழைக்கும் வழி என்று தரைப்படை முடிவு செய்தது. ஊர்ந்து போகிறவனுக்கு 390 கிலோமீட்டர் எதற்கு? பக்கத்தில் இன்னொரு தகராறும் நடந்துகொண்டிருந்தது. தரைக்குத் துணையாக வானத்திலிருந்து சுடுவது எங்கள் வேலை என்று நினைத்த விமானப்படைக்கு இவ்வளவு வேகமான, இறக்கை வைத்த ஹெலிகாப்டர் கண்ணை உறுத்தியது. அவர்கள் தொடங்கிய ஏ-எக்ஸ் திட்டத்தில் பிறந்ததுதான் ஏ-10 விமானம். 1972 ஆகஸ்டில் செயென் திட்டத்தையே மூடினார்கள்.

இதில் கசப்பான நகைச்சுவை ஒன்று உண்டு. செயென் தயாராகும்வரை சமாளிக்க ஒரு தற்காலிக ஏற்பாடு வேண்டும் என்று தரைப்படை 1965-இல் தேடியது. முதல் போட்டியில் ஆரம்பத்திலேயே கழித்துக்கட்டப்பட்ட பெல், தன் கைக்காசைப் போட்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஹூயி என்ற தன் ஹெலிகாப்டரின் இன்ஜினையும் ரோட்டரையும் எடுத்து, ஒருவர் பின் ஒருவர் உட்காரும்படி ஒல்லியான உடலில் பொருத்தி ஒரு யந்திரத்தைத் தயாராக வைத்திருந்தது. அதுதான் கோப்ரா. புதுமை என்று பெரிதாக எதுவுமில்லை. 1967 ஆகஸ்ட் இறுதியில் கோப்ராக்கள் வியட்நாமில் போய் இறங்கிவிட்டன. செயென் முதன்முதலில் தரையை விட்டுக் கிளம்பியது அடுத்த மாதம். தற்காலிகம் என்று வாங்கியதை ஆயிரத்துக்கும் மேல் வாங்கினார்கள். அதன் வாரிசான ஏ.எச்-1இசட் இன்றைக்கும் அமெரிக்க மரைன் படையில் பறக்கிறது.

செயென் போன பிறகு வந்த போட்டியில் கேட்ட பயண வேகம் 145 நாட், அதாவது மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர். எட்டு வருடத்தில் வேகத்தின் மதிப்பு அவ்வளவு சரிந்துவிட்டது. ஹியூஸ் நிறுவனத்தின் ஒய்.ஏ.எச்-64, பெல்லின் ஒய்.ஏ.எச்-63 இரண்டும் 1975-இல் ஒருநாள் இடைவெளியில் முதலில் பறந்தன. பெல் தனக்குப் பழக்கமான இரண்டு பிளேடு ரோட்டரையே நம்பியது, ஹியூஸ் நான்கு பிளேடு வைத்தது. அடி வாங்கினாலும் பறக்க வேண்டும் என்பதே இந்தமுறை முக்கியக் கேள்வி. 1976 டிசம்பரில் ஹியூஸ் ஜெயித்தது. அதுதான் அப்பாச்சி.

அதே மாதம் முடிவான இன்னொரு போட்டி பிளாக் ஹாக்குடையது. அதில் எனக்குப் பிடித்தது உயரம் பற்றிய சண்டை. சி-130 சரக்கு விமானத்துக்குள் நுழைய வேண்டும் என்று நிபந்தனை போட்டதால், ரோட்டரை உடலுக்கு மிக நெருக்கமாகத் தாழ்த்தி வைக்க வேண்டியிருந்தது. அதன் பலன் உடல் முழுக்க அதிர்வு. பறந்து பார்த்துவிட்டுச் சிகோர்ஸ்கி ரோட்டரை மேலே தூக்கியது. போட்டிக்கான சோதனையின்போது 1976-இல் ஃபோர்ட் கேம்பல் ராணுவ முகாம் அருகே ஓர் இரவு, சிகோர்ஸ்கியின் முன்மாதிரி ஒன்றில் பிளேடு நுனியில் கோளாறு வந்து, பைன் மரக்காட்டுக்குள்ளேயே இறங்க வேண்டியதாயிற்று. பிளேடுகள் மரங்களை வெட்டித் தள்ளின, உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுப் பிளேடுகளை மாட்டி அங்கிருந்தே பறக்க வைத்துக் கொண்டுபோனார்கள். எந்த விற்பனைப் பேச்சாளரும் கொடுக்க முடியாத விளம்பரம். போயிங் வெர்டாலின் ஒய்.யூ.எச்-61 தோற்றது.

சோவியத் ஒன்றியத்தில் கமோவ், மில் என்ற இரண்டு ஹெலிகாப்டர் நிறுவனங்களும் 1980களில் இப்படி மோதின. கமோவின் கா-50 ஒரே ஆள் ஓட்டும் தாக்குதல் ஹெலிகாப்டர். ஆபத்து வந்தால் முதலில் பிளேடுகள் வெடித்துப் பறந்துவிடும், பிறகு இருக்கை விமானியைத் தூக்கி வெளியே எறியும். தாழ்வாகப் பறந்துகொண்டே ஒருவரால் டாங்கியையும் தேட முடியுமா என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. இன்று இரண்டு இருக்கை கொண்ட கா-52-உம் மில்லின் எம்.ஐ-28-உம் இரண்டுமே ரஷ்யப் படையில் இருக்கின்றன. இந்தியா தாக்குதல் ஹெலிகாப்டர் தேடியபோது எம்.ஐ-28-ஐயும் அப்பாச்சியையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்து, 22 அப்பாச்சிகளை வாங்கியது.

சரி, இரட்டை ரோட்டருக்கு வருவோம். கமோவும் ஒரே அச்சில் இரட்டை ரோட்டர்தான் வைக்கிறது, ஆனால் அதன் பிளேடுகள் வளைந்து கொடுப்பவை, ஒன்றோடொன்று மோதாமலிருக்க நடுவில் நல்ல இடைவெளி விட்டிருப்பார்கள். சிகோர்ஸ்கி நினைத்தது வேறு. பிளேடுகள் விறைப்பாக இருக்க வேண்டும், இரண்டு ரோட்டரும் நெருக்கமாக இருக்க வேண்டும், தூக்கும் வேலையை முன்னோக்கி வரும் பிளேடுகளிடமே விட்டுவிட வேண்டும். இதற்காகச் செய்த எக்ஸ்.எச்-59ஏ 1973 ஜூலையில் பறந்தது, அடுத்த மாதமே விழுந்தது. இரண்டாவதாகச் செய்ததில் பக்கத்துக்கு ஒரு ஜெட் இன்ஜின் கட்டி மணிக்கு 445 கிலோமீட்டரைத் தொட்டார்கள். யோசனை சரி என்று நிரூபணமாயிற்று. ஆனால் எரிபொருளைக் குடித்தது, பல்லெல்லாம் ஆடும்படி அதிர்ந்தது. 1981-இல் மூட்டை கட்டினார்கள்.

சிகோர்ஸ்கி அதைத் திரும்பக் கையில் எடுத்தது 2000களில்தான். சொந்தப் பணத்தில் செய்த எக்ஸ்2 2008-இல் பறந்தது. ஜெட்டுக்குப் பதில் வாலில் ஒரு புரொப்பல்லர், அதிர்வுக்கு எதிர் அதிர்வு கொடுத்து அடக்கும் கருவி, கணினிக் கட்டுப்பாடு. 2010-இல் மணிக்கு 463 கிலோமீட்டர். படம் பார்த்தால் செயெனின் வால் ஞாபகம் வரும். இந்த வம்சத்தில் வந்ததுதான் 2022-இல் தோற்ற டிஃபையன்ட்.

பெல்லின் கதை இதற்கு நேரெதிர், அது நடுவில் நிறுத்தவே இல்லை. ரோட்டரைச் சாய்க்கும் எக்ஸ்.வி-3 1955 ஆகஸ்டில் முதலில் மேலெழும்பியது. 450 குதிரைத்திறன் கொண்ட ஒரே பிஸ்டன் இன்ஜின், அதுவும் உடலுக்குள். அங்கிருந்து தண்டுகள் வழியாக இறக்கை நுனிவரை விசை போக வேண்டும். ஒன்று 1956-இல் விழுந்து விமானிக்குப் பலத்த காயம். மற்றொன்று 1958 டிசம்பர் 18 அன்று முழுமையாக விமான வடிவத்துக்கு மாறிப் பறந்தது. வேகம் கூடினால் இறக்கை நுனியில் ரோட்டரும் அதைத் தாங்கும் அமைப்பும் சேர்ந்து ஆடத் தொடங்கும் என்ற தொல்லையும் அப்போதுதான் புரிந்தது. அதைப் படிக்கவே காற்றுச்சுரங்கத்தில் வருடக்கணக்கில் ஓட்டினார்கள், 1966-இல் அங்கேயே உடைந்தது. 1977-இல் எக்ஸ்.வி-15 வந்தது. யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை.

ஆர்டர் வந்தது ஒரு தோல்வியால். 1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கப் போன அமெரிக்க நடவடிக்கைக்குக் குறைந்தது ஆறு ஹெலிகாப்டர்கள் தேவைப்பட்டன. கிளம்பியது எட்டு. பாலைவனத்தில் சந்திக்கும் இடத்தில் பயன்படும் நிலையில் எஞ்சியது ஐந்து. திரும்பலாம் என்று முடிவெடுத்த பிறகு ஒரு ஹெலிகாப்டரும் சி-130 விமானமும் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். ஓடுபாதை இல்லாமல் இறங்க வேண்டும், அதே சமயம் நெடுந்தூரம் போக வேண்டும் என்ற தேவை அதற்குப்பின் காகிதத்தில் ஏறியது. பெல்லும் போயிங்கும் சேர்ந்து செய்த வி-22 ஆஸ்ப்ரே 1989-இல் பறந்தது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2000 ஏப்ரலில் அரிசோனாவின் மரானாவில் ஒன்று வேகமாகக் கீழிறங்கும்போது தன் ரோட்டர் கிளப்பிய சுழலுக்குள் தானே சிக்கி விழுந்து, 19 மரைன்கள் இறந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் இன்னொரு விபத்தில் நால்வர். ஆஸ்ப்ரே மீதான சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நியாயமான சந்தேகம்தான் என்று நானும் நினைக்கிறேன்.

ஆனால் அந்தத் தழும்புகள் எல்லாம் பெல்லுக்குப் பாடமாகக் கிடைத்தன. அடுத்து அது போயிங் இல்லாமல் செய்த, 2022-இல் ஜெயித்த வி-280 வேலர் 2017 டிசம்பர் 18 அன்று டெக்சாஸின் அமரில்லோவில் பறந்தது. எக்ஸ்.வி-3 முதலில் உருமாறிய அதே தேதி, 59 வருடம் கழித்து. ஆஸ்ப்ரேயில் இன்ஜினே ரோட்டரோடு சேர்ந்து சாயும். இறங்கும்போது சூடான புகை நேரே தரையில் அடிக்கும். வேலரில் இன்ஜின் படுத்தபடியே இருக்கிறது, ரோட்டர் மட்டும் சாய்கிறது. அதனால் படையினர் பக்கவாட்டுக் கதவு வழியாக, பிளாக் ஹாக்கில் குதிப்பதுபோலவே இறங்கலாம். இறக்கையும் ஆஸ்ப்ரேயைவிட எளிமையாக, செலவு குறைவாகச் செய்யும்படி நேராக இருக்கிறது. மணிக்கு 550 கிலோமீட்டரைத் தாண்டியது. 2021-இல் ஓய்வு கொடுக்கும்போது 214 மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்தது.

டிஃபையன்ட் முதலில் பறந்தது 2019 மார்ச்சில். அந்த விறைப்பான பிளேடுகளை உருவாக்குவதே தாமதம், பிறகு கியர்பாக்ஸில் தொல்லை. வேலர் ஓய்வு பெறும்போது டிஃபையன்ட் பறந்திருந்த நேரம் மிகக் குறைவு. வேகம் மட்டும் சொன்னபடி எட்டியது, மணிக்கு 457 கிலோமீட்டர். அதன் பெரிய வாதம் இடம். பிளாக் ஹாக் நிற்கும் இடத்திலேயே இதுவும் நிற்கும், அதே ஹேங்கர், அதே இறங்குதளம். வேலரோ ரோட்டர்களோடு சேர்த்து ஏறத்தாழ 25 மீட்டர் அகலம். பிளாக் ஹாக்கின் ரோட்டர் விட்டம் 16 மீட்டர்தான். மெதுவாகப் பறந்து வளைந்து நெளிவதிலும் அந்தரத்தில் நிற்பதிலும் இரட்டை ரோட்டருக்கே சாதகம். 1976-ஆம் வருடக் கேள்வியை 2022-இல் கேட்டிருந்தால் டிஃபையன்ட் ஜெயித்திருக்கும் என்றுகூடச் சொல்வேன்.

கேள்வி மாறிவிட்டது. ஆப்கானிஸ்தானின் மலைகளை விட்டு அமெரிக்கப் படையின் பார்வை பசிபிக் பெருங்கடலுக்குப் போனது. தீவுக்கும் தீவுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். பிளாக் ஹாக்கின் பயண வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் அளவு, வேலருடையது 520. இறக்கையில் தொங்கிக்கொண்டு போவதால் தூரமும் இரட்டிப்புக்கு மேல். டிஃபையன்ட் எவ்வளவு வேகமாகப் போனாலும் ரோட்டரைச் சுமந்துகொண்டே போகிறது, தூரத்தில் இறக்கையை ஜெயிக்க முடியாது. ஹேங்கரை வேண்டுமானால் பெரிதாகக் கட்டிக்கொள்ளலாம். 445 கோடிக்கும் 809 கோடிக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் என் கணக்கில் இந்தத் தூரத்துக்கான விலை. சிகோர்ஸ்கி காகிதத்தை ஒழுங்காக எழுதிக் கொடுத்திருந்தாலும் பெல்லை மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த நிறுவனங்களின் கூட்டணிகளைத் தொடர்ந்து பார்த்தால் தமிழ்நாட்டுத் தேர்தல் கூட்டணி தோற்றுவிடும். போயிங் ஆஸ்ப்ரேயில் பெல்லோடு, டிஃபையன்டில் பெல்லுக்கு எதிராக. லாக்ஹீட் 2013-இல் வேலர் அணியில் சேர்ந்தது. 2015-இல் சிகோர்ஸ்கியையே விலைக்கு வாங்கி எதிரணிக்கு முதலாளியானது.

பெரிய போட்டிக்குப் பக்கத்திலேயே உளவுக்கான சிறிய ஹெலிகாப்டருக்கும் ஒரு போட்டி நடந்தது. சிகோர்ஸ்கியின் ரைடர் எக்ஸ், பெல்லின் இன்விக்டஸ். இங்கே பெல் ரோட்டரைச் சாய்க்கவில்லை; வழக்கமான ஒற்றை ரோட்டரும் சிறு இறக்கையும்தான். இரண்டும் கிட்டத்தட்ட கட்டி முடிந்து இன்ஜினுக்காகக் காத்திருந்தன. 2023 அக்டோபரில் இன்ஜின்கள் வந்தன. 2024 பிப்ரவரியில் தரைப்படை திட்டத்தையே கைவிட்டது. அதற்குள் 200 கோடி டாலர் அளவுக்குப் போய்விட்டது. உக்ரைனில் சில நூறு டாலர் ட்ரோன்கள் உளவு பார்ப்பதை உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆளை ஏற்றி அனுப்ப வேண்டுமா என்பதே காரணம். இதே வேலைக்கான கமான்சி என்ற ஹெலிகாப்டரைச் சரியாக இருபது வருடம் முன்னால், 2004 பிப்ரவரியில், ஏறத்தாழ 690 கோடி டாலர் செலவழித்த பிறகு கைவிட்டிருந்தார்கள். கமான்சியாவது பறந்தது. இந்த இரண்டும் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை.

சிகோர்ஸ்கி இப்போதைக்குப் பட்டினி கிடக்கப்போவதில்லை. பைன் காட்டுக்குள் இறங்கிய அந்தப் பழைய வடிவத்துக்குத்தான் 2022 ஜூனில், பெல்லின் வெற்றிக்கு ஆறு மாதம் முன்பு, தரைப்படை இன்னுமொரு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது: 120 ஹெலிகாப்டர்கள், வேண்டுமானால் 255 வரை.